ஒரே அலமாரியில் அடங்காத பாடம்: காலநிலை மாற்றத்தைப் பல துறைகள் வழியாகப் படிக்க ஒரு நூலகரின் வழிகாட்டி

"காலநிலை மாற்றம் பத்தின புத்தகமெல்லாம் எந்த ரேக்ல இருக்கு?" என்று கேட்டு வருபவர்களை நான் முதலில் உட்காரச் சொல்லிவிடுவேன். பதில் கொஞ்சம் நீளம். இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டியூயி எண் முறைப்படி காலநிலை அறிவியல் 551.6-ல், நிலவியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே புவி வெப்பமாதலை ஒரு சமூகப் பிரச்சினையாகப் பார்த்தால் 363.738, மாசுபாட்டோடு சேர்ந்துவிடும். இயற்கை வளப் பொருளாதாரம் 333.7. சுற்றுச்சூழல் சட்டம் 344.046. தட்பவெப்பம் மனித சமூகத்தை என்ன செய்கிறது என்பது 304.25. இயற்கைக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற அறக்கேள்வி 179.1. இரண்டு மாடி, ஆறு மூலை. அடுக்கிவைத்தவர்கள் மேல் தப்பில்லை. விஷயமே அப்படிச் சிதறிக் கிடக்கிறது.

நடுவில் நானும் சுற்றுச்சூழல் ஆய்வில் ஒரு பகுதிநேர முதுகலைப் படிப்பு முடித்தேன். ஆகவே கீழே வரும் தவறுகளில் பாதி நானே செய்தவை.

கேள்வியில் தொடங்குங்கள், துறையில் அல்ல

பெரும்பாலானோர் செய்வது இது: முதல் மாதம் இயற்பியல், இரண்டாம் மாதம் பொருளாதாரம், மூன்றாம் மாதம் சட்டம் என்று அட்டவணை போடுவார்கள். இரண்டாம் மாதத்தில் முதல் மாதத்துப் பாடம் மறந்திருக்கும். மூன்றாம் மாதத்தில் ஆளே வரமாட்டார்.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைப் பிடியுங்கள். சின்னதாக, ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "காலநிலை மாற்றத்தின் விளைவுகள்" என்பது கேள்வியே அல்ல, அது தலைப்பு. "வெப்ப அலையில் யார் சாகிறார்கள், ஏன்?" என்பது கேள்வி. நான் அடிக்கடி எடுத்துக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் இதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் நூலகத்தின் எல்லா மூலைக்கும் போகவேண்டி வரும்.

எப்படி என்று பாருங்கள். முதலில் உடலியல். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. அதனால் வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். அது 35 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஆரோக்கியமான உடலும் நெடுநேரம் தாங்காது என்பது கோட்பாட்டு வரம்பு. ஆனால் இளைஞர்களைச் சோதனை அறையில் வைத்து அளந்தபோது 31 டிகிரி வாக்கிலேயே உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் திணறியது. கோட்பாட்டுக்கும் சோதனைக்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி தெரிந்தால் அதைக் குறித்துவையுங்கள். பின்னால் அங்கேதான் நல்ல கேள்விகள் பிறக்கும்.

அடுத்து புள்ளியியல். மரணச் சான்றிதழில் "வெப்பம்" என்று எழுதுவது அரிது. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்றுதான் இருக்கும். அதனால் அந்த வாரத்தில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள், இந்த முறை எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் 2003 கோடையில் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்ற கணக்கு இப்படி வந்ததுதான். யாரும் ஒவ்வொருவராக எண்ணிய எண் அல்ல.

அப்புறம் சமூகவியல். 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாள் வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அங்கே பக்கத்துப் பக்கத்து இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வெயில் ஒன்றுதான். தனியாக வாழும் ஏழை முதியோர் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப்போல் பத்து மடங்கு. அதிகம் பேர் இறந்த பகுதியில் கடைகள் மூடிக்கிடந்தன, மனைகள் காலியாகக் கிடந்தன, முதியவர்கள் வெளியே வரப் பயந்தார்கள். மற்றதில் தெருவில் எப்போதும் ஆள் நடமாட்டம். வெப்பமானியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

கடைசியாகத்தான் காலநிலை இயற்பியலுக்குப் போகச் சொல்வேன். மனிதர்கள் வெளியிட்ட வாயுக்கள் இல்லாத உலகில் இந்த வெப்ப அலைக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்திருக்கும்? 2003 ஐரோப்பிய வெப்ப அலையைப் பற்றி 2004-ல் வந்த ஓர் ஆய்வு, மனிதத் தலையீடு அத்தகைய கோடையின் அபாயத்தைக் குறைந்தது இருமடங்காக்கியிருக்கிறது என்றது. இந்த வகைக் கணக்கை இப்போது வழக்கறிஞர்களும் கையில் எடுக்கிறார்கள். ஆக 344-ம் எண் சட்ட அலமாரிக்கு வந்துவிட்டீர்கள், யாரும் அட்டவணை போடாமலே.

கேள்வி எது என்பது உங்கள் இஷ்டம். கடல்மட்டம், காட்டுத்தீ, சிமென்ட், விமானப் பயணம், எதுவானாலும் சரி. ஒரு சோதனை மட்டும் உண்டு: குறைந்தது மூன்று அலமாரிகளுக்கு உங்களை இழுக்கவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

ஒரு குறிப்பேடு, நான்கு பத்தி

நோட்டு வாங்கி, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: சொல், அலகு, ஒப்பிடும் காலம், எது சான்று. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் இந்த நான்கையும் நிரப்புங்கள். சுருக்கம் எழுதுவதெல்லாம் அப்புறம்.

சொல் விவகாரத்தில் ஒரு காட்சி. வாசிப்பறையில் ஒரே மேசையில் இரண்டு மாணவிகள், ஒருவர் விலங்கியல், மற்றவர் நகரத் திட்டமிடல். "தகவமைப்பு" பற்றி அரை மணி நேரம் சண்டை. சத்தம் போடாதீர்கள் என்று சொல்லப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். விலங்கியல் மாணவிக்குத் தகவமைப்பு என்றால் பல தலைமுறைகளில் இயற்கைத் தேர்வால் நடப்பது, யாரும் திட்டமிடாதது. மற்றவருக்கு அது கடல்சுவர் கட்டுவது, நிதி ஒதுக்குவது. இருவருமே சரி. இருவர் நோட்டிலும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் "யார் சொல்வது?" என்று ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

"தணிப்பு" இதைவிட மோசம். காலநிலை அறிக்கைகளில் தணிப்பு என்றால் வெப்பமேற்றும் வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைப்பது. பேரிடர் மேலாண்மைக்காரர்களுக்கோ வெள்ளம் வந்தால் சேதம் குறையும்படி முன்கூட்டிச் செய்வது; காலநிலைக்காரர்கள் அதைத் தகவமைப்பு என்பார்கள்.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு பொறி. "மாதிரி" என்று எழுதினால் துளையிட்டு எடுத்த பனித்துண்டும் மாதிரிதான், கணினியில் ஓடும் காலநிலைக் கணக்கும் மாதிரிதான். "மாதிரியில் 280 இருந்தது" என்று மூன்று மாதத்துக்கு முன் எழுதிய வரியை நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அளந்ததா, கணக்கிட்டதா? அதிலிருந்து ஒன்றுக்குப் "பனித்துண்டு", மற்றதற்கு "கணினி மாதிரி" என்றே எழுதுகிறேன்.

அலகில் கவனம்

இங்கே என் சொந்தக் கதை. முதுகலை ஆய்வேட்டில், வெளியேற்றத்தால் சமூகத்துக்கு ஆகும் செலவைப் பொருளாதார அறிஞர்கள் எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள் என ஓர் அட்டவணை போட்டேன். பழைய கட்டுரைகளில் எண் பெரிது, புதியவற்றில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. ஆகா, கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு பக்கம் எழுதினேன்: அரசியல் அழுத்தத்தால் மதிப்பீடுகள் சரிந்துவிட்டனவாம்! மேற்பார்வையாளர் ஓரத்தில் எழுதியது "44/12" மட்டும்.

பழைய கட்டுரைகள் ஒரு டன் கார்பனுக்கு விலை சொல்லியிருந்தன. புதியவை ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு. கார்பன் அணுவின் எடை 12, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் எடை 44. ஒரு டன் கார்பன் எரிந்தால் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு. என் அரசியல் கோட்பாடு முழுக்க ஒரு வகுத்தலில் போய்விட்டது. கார்பன் சுழற்சியை ஆராய்பவர்கள் இன்றும் பெரும்பாலும் கார்பனில்தான் பேசுகிறார்கள். கொள்கை வகுப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடில். எண்ணைப் பார்த்ததும் எது என்று கேளுங்கள்.

இந்தப் பழக்கம் வர ஒரு சின்னக் கணக்கு. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடவேண்டுமானால் ஏறக்குறைய 780 கோடி டன் வேண்டும். எரிபொருள், சிமென்ட், காடழிப்பு எல்லாம் சேர்த்து மனிதர்கள் ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் வெளியிடுகிறோம். வகுத்தால் ஆண்டுக்கு 5 பங்கு கூடியிருக்க வேண்டும். ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-ல் தொடங்கிவைத்த அளவீடு அண்மை ஆண்டுகளில் காட்டுவது சுமார் இரண்டரைப் பங்குதான். மீதிப் பாதி எங்கே போனது? கடல், மண், மரம். இந்தக் கணக்கைக் கையால் போட்டவர் கடலியல் அலமாரிக்குத் தானாகவே நடந்துபோவார்.

ஒப்பிடும் காலமும் இப்படித்தான். "1.2 டிகிரி கூடிவிட்டது" என்றால் எதிலிருந்து? காலநிலை மாற்றத்துக்கான நாடுகளின் கூட்டுக் குழுவான ஐபிசிசி 1850–1900 காலத்தை வைத்துப் பேசும். நாசாவின் வரைபடங்கள் வழக்கமாக 1951–1980 சராசரியை வைத்து. ஐரோப்பாவின் காலநிலைச் சேவையான கோப்பர்நிக்கஸ் அடிக்கடி 1991–2020 வைத்து. ஒரே ஆண்டுக்கு மூன்று எண் வரும். மூன்றும் பொய்யில்லை.

மீத்தேனில் அலகுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். இருபது ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு. நூறா இருபதா என்பதை வேதியியல் சொல்லாது. யாருடைய காலம் முக்கியம் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

எது சான்று என்பது துறைக்குத் துறை வேறு

நான்காவது பத்திதான் கடினம், சுவையானதும் அதுதான். இயற்பியலாளர் பிழை எல்லை எவ்வளவு என்று கேட்பார். வரலாற்றாளர் இதை யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்பார். இரண்டும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் ஜப்பானின் கியோட்டோ செர்ரிப் பூக்கள். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் அரசவையினரும் துறவிகளும் பூப்பார்க்கும் விழாவை நாட்குறிப்பில் எழுதிவைத்தார்கள். அவர்களுக்குக் காலநிலை பற்றிக் கவலை எதுவுமில்லை. விருந்து எப்போது என்பதே விஷயம். யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் அந்தக் குறிப்புகளைத் தேடியெடுத்து, பழைய நாட்காட்டித் தேதிகளை இன்றையவற்றுக்கு மாற்றி, ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட மார்ச் மாத வெப்பநிலைக்கு ஓர் அடையாளமாக்கினார். 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே பூ உச்சத்தை எட்டியது. 1,200 ஆண்டுப் பதிவில் அதுவரை அவ்வளவு சீக்கிரம் இல்லை.

வழக்கறிஞர்களுக்கு ஒரு சொல்லே சான்று. 2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் உடன்படிக்கை நிறைவேறும் நேரத்தில், வளர்ந்த நாடுகளின் குறைப்பு இலக்குகள் பற்றிய 4.4-ஆம் பிரிவில் "ஷல் (shall)" என்று இருந்ததை "ஷுட் (should)" என்று மாற்றும்வரை அமெரிக்கத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. முன்னது கட்டுப்படுத்தும், பின்னது வற்புறுத்தும். தமிழில் இரண்டையும் "வேண்டும்" என்றுதான் எழுதுவோம். அதனால்தான் சட்ட விஷயத்தில் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீர்கள், மூலத்தைத் திறந்துவையுங்கள் என்கிறேன்.

பொருளாதாரத்தில் பலரும் பயந்து ஓடுவது தள்ளுபடி விகிதத்தைக் கண்டு, அதாவது எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதத்தைக் கண்டு. ஒரு கால்குலேட்டர் போதும். நூறு ஆண்டு கழித்து வரும் இழப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். அதன் இன்றைய மதிப்பு என்ன? ஆண்டுக்கு 1 சதவீதம் தள்ளுபடி செய்தால் 37. 3 சதவீதமானால் 5. 5 சதவீதமானால் ஒன்றுக்கும் கீழே. பேரக்குழந்தைகளின் வெள்ளம் அப்படியே ஆவியாகிவிடுகிறது. 2006-ல் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் சுமார் 1.4 சதவீதம் வைத்து, உடனே பெரிய நடவடிக்கை தேவை என்றார். பின்னாளில் 2018-ல் நோபல் பெற்ற வில்லியம் நார்ட்ஹவுஸ், சந்தையை ஒட்டி அதைவிட நன்றாகவே உயர்ந்த விகிதம் வைத்து, படிப்படியாகப் போகலாம் என்றார். இருவரும் பார்த்த வெப்பமானி ஒன்றுதான். பின்னால் பிறப்பவர் என்பதற்காக ஒருவரின் நலனைக் குறைத்து மதிப்பது அறமாகாது என்று கணித மேதை ஃபிராங்க் ராம்சே 1928-லேயே எழுதியிருக்கிறார். ஆகவே தள்ளுபடி விகிதத்தைப் படிக்கும்போது 179-ம் எண் அறவியல் அலமாரிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டாலே காலநிலைப் பொருளாதாரத்தின் பாதிச் சண்டை புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஐபிசிசி அறிக்கையைத் திறக்கும் முறை

1988-ல் தொடங்கிய இந்தக் குழுவின் அறிக்கைகள் எல்லாம் இலவசம். மூன்று பணிக்குழுக்கள்: ஒன்று இயற்பியல் அறிவியல், இரண்டு பாதிப்பும் தகவமைப்பும், மூன்று வெளியேற்றக் குறைப்பு. ஆறாம் சுற்றில் முதல் குழுவின் அறிக்கை மட்டுமே 14,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சுட்டுகிறது. அட்டையிலிருந்து அட்டைவரை படிக்க உட்கார்ந்தவர் யாரும் முடித்து நான் பார்த்ததில்லை.

கொள்கை வகுப்பாளர்களுக்கான சுருக்கத்தில் தொடங்காதீர்கள். அரசுகள் வரிவரியாக ஒப்புதல் தந்த உரை அது. துல்லியமானது, ஆனால் இறுகியது. அத்தியாயங்களில் "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்" இருக்கும், அங்கே தொடங்குங்கள். பிறகு உங்கள் கேள்விக்கான ஒரே ஓர் உட்பிரிவு. அதில் சுட்டியிருக்கும் இரண்டு ஆய்வுகளை இறக்கி, செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். அதன் பிறகு சுருக்கத்துக்கு வந்தால் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

சாய்வெழுத்துச் சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். அதில் "லைக்லி" என்றால் 66 சதவீதத்துக்குக் குறையாத வாய்ப்பு, "வெரி லைக்லி" என்றால் 90-க்குக் குறையாதது. "அநேகமாக" என்று மொழிபெயர்த்துவிட்டுப் போனால் இந்த எண் காணாமல் போகும். வாசகர்கள் இச்சொற்களை உத்தேசித்ததைவிடக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நான் சொல்லையும் எண்ணையும் சேர்த்தே எழுதுவேன்.

மென்பொருள் பற்றி நிறையக் கேட்பார்கள். படித்த கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் சோட்டெரோ இலவசம், அது போதும். குறிச்சொல் போடும்போது துறைப் பெயரைப் போடாமல் உங்கள் கேள்வியின் பகுதியைப் போடுங்கள். "பொருளாதாரம்" என்று போட்டால் நூலகம் செய்த அதே சிதறலை நீங்களும் செய்கிறீர்கள். தரவு வேண்டுமானால் நாசா, கோப்பர்நிக்கஸ் இரண்டின் வெப்பநிலைத் தொகுப்புகளும் யாரும் இறக்கக்கூடியவை.

எழுதியதை யாரிடம் காட்டுவது

உங்கள் துறைக்காரரிடம் காட்டாதீர்கள். அவருக்கு எல்லாம் புரியும், அதுதான் சிக்கல். ஒரே ஒரு பக்கம் எழுதி, வேறு துறைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, "உங்களுக்குத் தப்பாகப் படுகிற ஒரு சொல்லை மட்டும் வட்டமிடுங்கள்" என்று கேளுங்கள். முழுக் கருத்து கேட்டால் தள்ளிப்போடுவார். ஒரு சொல் என்றால் நின்றபடியே செய்துவிடுவார்.

"பனி உருகுவதால் கடல்மட்டம் உயர்கிறது" என்று தொடங்கிய என் பக்கத்தை ஓர் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தேன். "பனி"யை வட்டமிட்டு "எந்தப் பனி?" என்று எழுதித் தந்தார். காலையில் புல்லில் இருப்பதும் தமிழில் பனி, வானிலிருந்து விழுவதும் பனி, துருவத்தில் மிதப்பதும் பனி. மிதக்கும் கடற்பனி உருகினால் மட்டம் கிட்டத்தட்ட உயர்வதே இல்லை, குவளையில் மிதக்கும் ஐஸ்கட்டி உருகினாலும் நீர் வழியாததுபோல. உயர்த்துவது கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் மலைகளிலும் நிலத்தின்மேல் கிடப்பது. அதோடு, வெப்பத்தில் கடல்நீரே விரிவதைப் பற்றி என் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வட்டத்துக்காக முதல் பத்தியை மூன்று பத்தியாகத் திருப்பி எழுதி, அடுத்த நாள் மீண்டும் அவரிடம் கொண்டுபோனேன். இந்த முறை "விரிவு" என்ற சொல்லை வட்டமிட்டு, "எந்த ஆழம் வரை?" என்று கேட்டார்.